ஆறரைக்குச் சொன்ன இடத்தில்

ஜனவரி 19, திங்கள்

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் அதை மாற்றிச் சொல்லக் கூடாது. தொண்டையில் புற்று. குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும். தேதி பிப்ரவரி 11. அதற்கப்புறம் மூச்சு, கழுத்தில் போடும் ஓட்டை வழியாக. பேச்சு கிடையாது.

"பேச்சு எப்பத் திரும்ப வருமுங்க டாக்டர்?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி துளசிமணி.

"மொதல்ல உயிரைப் பார்க்கலாம்மா" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனாலும் அவள் தலையாட்டிக்கொண்டாள்.

நேராக என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு வந்து ஒரு ஐந்து ஹெச்.பி. மோட்டாரைப் பிரித்தேன். செம்புக்கம்பிக் காயில் முழுக்கக் கருகிக் கிடந்தது. சாயங்காலத்துக்குள் பாதி சுற்றியாயிற்று. எனக்குப் பயமெல்லாம் இல்லை.

ஜனவரி 20

காலை ஏழு மணிக்கு நெட். ஹாம் ரேடியோ தெரியாதவர்கள் பின்னால் இதைப் படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். அரசாங்க லைசென்ஸ் வாங்கி, வீட்டில் பெட்டி வைத்து, மொட்டை மாடியில் கம்பி கட்டி, ஊர்விட்டு ஊர் பேசுகிற கூட்டம் நாங்கள். தினமும் காலையில் ஒரே அலைவரிசையில் நாற்பது பேர் கூடுவோம். எல்லோரும் ஒன்றாகப் பேசினால் சந்தைக்கடையாகிவிடும். அதனால் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட, மற்றவர்கள் முறை வைத்துப் பேசுவார்கள். அதற்குப் பெயர் நெட். அந்த ஒருவர், பதினொரு வருஷமாக, கோயமுத்தூர் நாச்சிமுத்து. அதாவது நான். என் தொண்டையைக் கேட்டுத்தான் பாதிப் பேர் பல் தேய்க்க எழுந்திருக்கிறார்களாம். அப்படிச் சொல்வார்கள்.

"என்னங்ணா, தொண்டை கரகரங்குது?" என்றான் பல்லடம் தண்டபாணி.

"சளி" என்றேன்.

முடித்துவிட்டு நாகர்கோவில் ஜெபராஜுக்குப் போன் போட்டேன். என் வயசுதான். வானொலியில் வாயைத் திறக்காமல் மோர்ஸ் மட்டுமே அடிக்கிற ஆள். அந்தக் காலத் தந்தி மாதிரி புள்ளியும் கோடுமாக. அவருக்கும் எனக்கும் ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஏதோ ஒரு மனத்தாங்கல். ஒன்றும் பெரிசில்லை.

"யாரு வோய், கோயமுத்தூரா?" என்றார். குரலை மறக்கவில்லை.

"எனக்கு மோர்ஸ் கத்துக்கணுமுங்க."

"நீரா? எதுக்கு?"

சொன்னேன். 

"எத்தன நாளு இருக்கு?"

"இருபத்திரண்டு."

"நாளைக்கிக் காலைல ஆறரைக்கி, அலைவரிசை ஏழாயிரத்து இருபத்தஞ்சுல நிப்பேன். வாரும்."

அவ்வளவுதான். கவலைப்படாதீர் என்றுகூடச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரி 21

முப்பது வருஷத்துக்கு முந்தி லைசென்ஸ் பரீட்சைக்காக மோர்ஸ் படித்தேன். தேறிய மறுநாளே மறந்தேன். அப்போது வாங்கிய கீ, அதாவது மோர்ஸ் தட்டுகிற கட்டை, பரணில் கிடந்தது. துருவைத் தேய்த்து, பெரிய பெட்டியின் பின்பக்கம் மாட்டினேன். பல்லி முட்டை ஒன்று உள்ளே இருந்தது.

ஆறரைக்கு ஜெபராஜ் வந்தார். ஆறு எழுத்து. அவர் அடிக்க நான் எழுத, நான் அடிக்க அவர் கேட்க.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று செம்மத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாடம் முடிந்ததும் போனில் கூப்பிட்டுத் திட்டுவது அவர் வழக்கமாகிவிட்டது.

"எண்ணுதீரு நீரு! கை தடுமாறுதுலயே தெரியுது. காதுல விழுந்ததும் எத்தன புள்ளி எத்தன கோடுன்னு எண்ணுதீரு."

உண்மைதான். நாற்பது வருஷம் காயில் சுற்றினவன். ஒரு சுற்று குறைந்தால் மோட்டார் சூடாகும். வாய் பேசும், கை சுற்றும், மண்டைக்குள் எண்ணிக்கை தானாக ஓடும். எதைக் கேட்டாலும் எண்ணுவேன். கோயில் மணியைக்கூட எண்ணுவேன்.

"உம்ம வீட்டுக்காரி உம்மளக் கூப்பிட்டா எத்தன எழுத்துன்னு எண்ணிட்டா திரும்புவீரு? சத்தத்த முழுசாக் கேளும் வோய். ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆளு. மொகத்தப் பாத்து அடையாளம் கண்டுக்கிடணும்."

சாயங்காலம் துளசிமணி அரிசி களைந்துகொண்டே, "அந்த அண்ணன் நல்லாத்தான் திட்றாருங்க. எனக்கு நாப்பது வருசமா வாய்க்காத சான்ஸு" என்றாள்.

ஜனவரி 30

வீட்டுக் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ என் குரலைப் பதிவு செய்து வைக்கச் சொல்கிறார் டாக்டர். எல்லோரும் செய்வார்களாம், பின்னால் வீட்டார் கேட்பதற்கு. துளசிமணி செல்போனை நீட்டினாள்.

"என்னத்தைப் பேசறது?"

"ஏதாச்சும். என்ற பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

"நீ இங்கதான அம்மிணி நிக்கற, எதுக்குக் கூப்பிடறது?" என்றேன். செல்போனை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரவுச் சாப்பாட்டில் ரசம் மட்டும்தான்.

பிப்ரவரி 3

எண்ணாமல் பதினொரு எழுத்து வந்துவிட்டது. விழுங்கினால் வலிக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

கடைசி நெட். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். தேனிக்காரர் ஏலக்காய் விலையைப் பேசினார். கும்பகோணத்து வாத்தியார் மாடியில் குரங்கு கம்பியை அறுத்துவிட்டதைச் சொன்னார். நாற்பத்தி ஒரு பேர். எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, "நாளையிலிருந்து தண்டபாணி நடத்துவார், எனக்கு வெளியூர் வேலை" என்றேன்.

மத்தியானம் தண்டபாணியை வரச் சொல்லி, பெரிய பெட்டி, மைக், பவர் சப்ளை எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினேன். பின்னால் மாட்டியிருந்த கீயைப் பார்த்துவிட்டு, மோர்ஸ் அடிக்கவாவது பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்று அவன் கெஞ்சினான். பேச்சில்லாதவன் வீட்டில் மைக் தொங்கக் கூடாது. அது என் முடிவு.

"வெளியூர்னீங்களே, எந்த ஊருங்ணா?" என்று வண்டியில் ஏறும்போது கேட்டான். கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். நடுரோட்டில் அழுதான், அறிவுகெட்டவன். பால்காரர் வேடிக்கை பார்த்தார்.

பிப்ரவரி 10

ஆஸ்பத்திரி. நாளைக் காலை முதல் ஆபரேஷன். பத்து நாளாக என்ன பேச வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். துளசிமணி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். அவளும் எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த மாதிரிதான் இருந்தது.

"கேஸை மூடிட்டு வந்தியா?" என்றேன்.

"மூடிட்டனுங்க" என்றாள்.

அதற்குள் நர்ஸ் வந்து ஊசி போட்டாள். 

பிப்ரவரி 17

படுத்துக்கொண்டே கோணல்மாணலாக எழுதுகிறேன். மூக்கில் குழாய். கழுத்தில் குழாய். ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பேச்சுதான் போயிற்று, காதுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வருகிறவர்களெல்லாம் என்னிடம் கத்திப் பேசுகிறார்கள். வார்டு பையனிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும். சிலேட்டில் "மெதுவாப் பேசு" என்று எழுதிக் காட்டினால், அதையும் சத்தமாகப் படிக்கிறார்கள்.

கடைசியாகப் பேசினது கேஸைப் பற்றி. மாற்ற முடியாது.

மார்ச் 2

வீடு. கழுத்தில் வைத்து அமுக்கினால் பேசுகிற கருவி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். மாவு மில் ஓடுகிற சத்தத்தில் "துளசி" என்றது. அவள் திடுக்கிட்டதைப் பார்த்தேன். அலமாரிக்குள் போட்டுவிட்டேன். ஏப்ரல் நடுவில் கரண்டு வைக்கிற வைத்தியம் ஆரம்பம்.

கூழ்தான் சாப்பாடு. மீதி எழுத்துகளைப் படுத்தபடியே கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிப் பழகுகிறேன்.

மார்ச் 13

மோர்ஸ் மட்டும் அடிக்கிற சின்னப் பெட்டி ஒன்றைச் செய்துவிட்டேன். உதிரி பாகங்கள் தபாலில் வந்தன. கைக்கடக்கமாக இருக்கிறது, சாப்பாட்டு டப்பா அளவு. காயில்களை நானே சுற்றினேன். ஒரு டயல், ஒரு கீ, காதில் மாட்ட ஹெட்போன், வேண்டுமானால் ஒரு சின்ன ஸ்பீக்கர்.

இந்த வகைப் பெட்டியில் ஒரு வம்பு உண்டு. ஒரே நிலையம் டயலில் முடியளவு தள்ளி இரண்டு இடத்தில் கேட்கும். ஒன்று அசல், மற்றது போலி. போலியில் நின்றாலும் எதிராளி நமக்கு நன்றாகக் கேட்பார், ஆனால் நாம் அடிப்பது அவருக்குப் போகாது. புதுசாக வருகிறவர்கள் இதில் ஏமாந்து போவார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

தண்டபாணியோடு பழைய கம்பியும் போய்விட்டது. புதுசாகக் கட்டினோம். நடுவில் குழாய்க் கம்பம், இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் செம்புக்கம்பி, கூரை மாதிரி சரிவாக இறங்கும். ஒரு முனை தண்ணீர்த் தொட்டியில், மறு முனை பக்கத்து வீட்டுச் சுவரில். துளசிமணி கயிற்றைப் பிடித்தாள். இழு, நிறுத்து என்று கத்த வாயில்லை. ஒரு தடவை கைதட்டினால் இழுக்க வேண்டும், இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடு.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்னக்கா, அண்ணன் பஜனை பண்றாரா?" என்றார்.

மீட்டர் முள் சரியாக நின்றது. வேலை சுத்தம்.

மார்ச் 20

ஜெபராஜிடம் செல்போன் கிடையாது, வீட்டில் ஒரு பழைய போன்தான். நான் எழுதி அனுப்ப வழியில்லை. துளசிமணியை விட்டுப் பேசச் சொன்னேன். நாளைக்கு ஆறரை, பழைய இடம். "நிப்பேன்னு சொல்லும்மா" என்றாராம்.

மார்ச் 21, சனி

ஆறரைக்கு டயலை மெல்லத் திருப்பினேன். வந்தார். என் கால்சைனை, அதாவது லைசென்ஸில் கொடுத்த அடையாளப் பெயரைத்தான், கூப்பிடுகிறார். அந்தக் கையை எங்கே கேட்டாலும் தெரியும். கோட்டைக் கொஞ்சம் இழுத்து அடிப்பார். பளிச்சென்று கேட்ட இடத்தில் டயலில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, பதில் அடித்தேன்.

அவர் மறுபடியும் கூப்பிட்டார், நான் அடிக்கவே இல்லை என்பது மாதிரி. மறுபடி அடித்தேன். மறுபடி கூப்பிட்டார். கால் மணி நேரம். பிறகு ஓய்ந்துவிட்டார்.

மார்ச் 22

அதே கதை.

மார்ச் 24

பற்ற வைத்த இடங்களையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மாடிக்கு ஏறிக் கம்பியைப் பார்த்தேன். ஏறினால் மூச்சு வாங்குகிறது. கீயை அழுத்தினால் மீட்டர் முள் துள்ளுகிறது, மின்சாரம் கம்பிக்குப் போகிறது. பெட்டியில் குற்றமில்லை. அப்படியானால் குற்றம் ஆளிடம்.

மார்ச் 27

கூப்பிடுகிறார். பதில் சொன்னால் காதில் வாங்குவதில்லை. தினமும் ஆறரைக்கு டாணென்று வந்து இதைச் செய்கிறார்.

துளசிமணி ஒரு போன் போட்டுக் கேட்கட்டுமா என்றாள். சிலேட்டில் பெரிதாக "வேண்டாம்" என்று எழுதினேன். "நாமளாப் போய்ப் பிச்சை கேக்கறதா?" என்று கீழே எழுதினேன். அவள் சிலேட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 30

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏழு வருஷத்துக்கு முன் ஜெபராஜ் நெட்டுக்கு வந்தார், வாயால் பேசத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்தே நிமிஷம் ஒதுக்கினால் விரும்புகிறவர்களுக்கு மோர்ஸ் சொல்லிக் கொடுப்பேன் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் நாற்பது பேருக்கு நடுவில் சொன்னேன்: "பேசத் தெரிஞ்சவன் எவனாச்சும் கட்டையைத் தட்டுவானுங்களா? அதெல்லாம் ஊமைகளுக்குங்க."

எல்லோரும் ரசித்தார்கள். இரண்டு மூன்று பேர் மறுநாளும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெபராஜ் "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வரவே இல்லை.

இப்போது ஊமை கட்டையைத் தட்டுகிறேன். அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஜனவரியில் பாடம் சொல்லிக் கொடுத்ததெல்லாம் இதற்காகத்தானோ என்று தோன்றுகிறது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன், இன்னும் கேவலமாக.

பயமில்லை என்று முதல் நாள் எழுதினேன். பயமாகத்தான் இருக்கிறது. செத்துப்போவதற்கு இல்லை. இப்படியே இன்னும் இருபது வருஷம் உயிரோடு இருந்தால் என்ன செய்வது?

ஏப்ரல் 1

சாயங்காலம் கூடத்தில் படுத்திருந்தேன். சமையலறையில் துளசிமணி யாருடனோ போனில் பேசினாள். குரல் உயர்ந்துகொண்டே போனது.

"அண்ணா, உங்களுக்கு அவரு மேல என்ன கோவம் வேணாலும் இருக்கட்டுங்க. விடிஞ்சா அந்தப் பொட்டி முன்னால போய் உக்காந்துக்கறாரு. கூழக்கூட ஒழுங்காக் குடிக்கறதில்ல. பதிலுக்கு நாலு தட்டு தட்டுனா நீங்க கொறஞ்சா போயிருவீங்க?"

எழுந்து ஓடினேன், போனைப் பிடுங்க. அவள் கையை உதறிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னம்மா சொல்லுதிய? அவரு வாராரா?" என்றது ஜெபராஜின் குரல்.

"தெனமுமுங்க."

"நானில்லா தெனமும் கூப்பிட்டுக்கிட்டுக் கெடக்கேன்! பன்னெண்டு நாளா ஒரு சின்னச் சத்தம் கேக்கலியே. மனுசனுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சேம்மா. போன் பண்ணவும் பயம். நீங்க அழுதுக்கிட்டு எடுத்தியன்னா நான் என்ன செய்வேன்?"

துளசிமணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் எதுக்குங்கண்ணா விடாமக் கூப்பிட்டீங்க?"

"சொன்ன இடத்துல நிக்காண்டாமா? நான் அங்கன இங்கன தேடிப் போற நேரமாப் பாத்து அவரு வந்துட்டாருன்னா?"

 அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. டயல். பென்சில் கோடு. பன்னிரண்டு நாளும் போலியில் நின்று அடித்திருக்கிறேன். மூன்று வயரில் இரண்டை மாற்றிக் கொடுத்துவிட்டு மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது என்று கடைக்கு வருகிறவர்களை நான் பேசாத பேச்சில்லை. குற்றமெல்லாம் என் கையில். அதைத் தேடாமல் அந்த மனுஷனிடம் தேடினேன்.

சிலேட்டில் எழுதி நீட்டினேன். துளசிமணி படித்தாள்: "தப்பு என்னுதுங்களாம். நாளைக்கு வர்றாராமுங்க."

"நிப்பேன்னு சொல்லும்மா" என்றார் ஜெபராஜ்.

ஏப்ரல் 2, வியாழன்

ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். பென்சில் கோட்டை அழித்தேன். ஸ்பீக்கரை மாட்டினேன், துளசிமணியும் கேட்க வேண்டும் என்றாள். ஆறரைக்கு ஜெபராஜ் கூப்பிட்டார். டயலை நகர்த்தினேன். சத்தம் கனத்து, அடங்கி, ஒன்றுமில்லாமல் போய், மறுபக்கம் மறுபடியும் எழுந்தது. அங்கே நின்றேன்.  என் கால்சைனை அடித்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் அடித்தார். எண்ணவில்லை நான், அப்படியே காதில் விழுந்தது. தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடிப்போம்.

"கேக்குது வோய். கேக்குது."

மன்னிக்கணும் என்று ஆரம்பித்தேன். ஏழு வருஷத்துக்கு முன் சொன்னதையும் சேர்த்து அடிக்க நினைத்திருந்தேன். பாதியில் பிழைவிட்டுத் திரும்ப அடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத அன்னைக்கே விட்டாச்சு. இதக் கேளும்" என்று அடித்தார். "பன்னெண்டு நாளு தனியா ஒக்காந்து தட்டுனேனா. பேய் பிடிச்சிருக்குன்னு எம் பொண்டாட்டி பாதிரியாரக் கூட்டிட்டு வந்துட்டா. அவரு ஜெபம் பண்ணிட்டு, இந்தப் பெட்டி எத்தன வாட்டுன்னு கேட்டாரு."

தொண்டை போன பிறகு எனக்குச் சிரிப்பு வந்தால் வயிறு மட்டும்தான் குலுங்கும். கழுத்து ஓட்டையில் காற்று புஸ்ஸென்று போகும். பார்க்கிறவர்கள் மூச்சுத் திணறுகிறது என்று பதறுவார்கள். அதனால் ஒன்றரை மாதமாக வந்ததையெல்லாம் அடக்கிக்கொண்டே இருந்தேன். மோர்ஸ்காரர்களுக்குச் சிரிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. நாலு புள்ளி, சின்ன இடைவெளி, இரண்டு புள்ளி. அதையே இன்னொரு தடவை. கீயில் கை தானாகப் போனது.

துளசிமணி கூழ்ச் சொம்போடு பின்னால் நின்றிருந்தாள். "என்னங்க அது? இவ்வளவு நேரம் அடிச்ச மாதிரி இல்ல, வேற மாதிரி கேட்டுதே."

சிலேட்டில் எழுதினேன்: "சிரிச்சேன்."

அவள் அதைப் படித்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டு வந்தாள்.

"இன்னொருக்காச் சிரிங்க" என்றாள்.

சிரித்தேன்.